பின்சீட்டும் பின்சக்கரமும்

மார்ச் 18, திங்கள்

காலை ஆறேகாலுக்குத் தொமசீனா கந்திதோவின் பைக்கில் ஏறிப் போனாள். என் மனைவி. என் வாசலில். என் கண் முன்னால்.

பராவோனாவில் இருபத்தாறு வருஷமாக வாடகைக்கு பைக் ஓட்டுகிறேன். ஊரில் பாதிப் பேரை நான் சுமந்திருக்கிறேன். மீதிப் பேர் நடந்தே போகிற கஞ்சர்கள். அப்படிப்பட்ட எவாரிஸ்தோவின் பெண்டாட்டி, ஆஸ்பத்திரி வாசலில் யானிகேகே ரொட்டி பொரித்து விற்கப் போவதற்கு, அதே தொழில் செய்கிற இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறாள். பிசைந்த மாவை மடியில் வைத்துக்கொண்டு, ராணி மாதிரி.

"பின்சக்கரம் ஆடுறத மொதல்ல சரி பண்ணு. அப்புறம் ஏறுறேன்." இவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

எல்லாம் போன வெள்ளிக்கிழமையால் வந்தது. தவக்காலத்து இனிப்புப் பயற்றங்கஞ்சி ஒரு பானை காய்ச்சி, அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சந்தை வளைவில் வண்டி துள்ளியது. அவள் சாக்கடை ஓரம் விழுந்தாள், கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி அவள் கை மேல் விழுந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு. கேட்டவர்களிடம் குறுக்கே காளை பாய்ந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொம்பு இவ்வளவு நீளம்.

மார்ச் 20, புதன்

எங்கள் பைக் நிறுத்தம் மருந்துக்கடை வாசலில். கடையில் வேலை பார்ப்பது தங்கச்சி மகள் யூதெல்கா. இதைவிடக் கேடு ஒரு மனுஷனுக்கு வேண்டாம்.

"மாமா, கந்திதோகிட்ட காளைன்னு சொன்னியாம். என்கிட்ட ஆடுன்னு சொன்னியே?"

"தூரத்துலேர்ந்து பாத்தா ஆடு மாதிரி இருக்கிற காளை, பொண்ணு."

"அத்தை கோழிகூட இல்லங்குது."

மருந்துக்கடைக்காரிகளுக்கு எதையும் எடை போட்டே பேசிப் பழக்கம்.

பட்டறைக்கு விட்டால் ஒரு மணி நேர வேலை. ஆனால் எப்படி விடுவது? வாலிபத்தில் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்தேன், பீரங்கி வண்டியையே பிரித்து மாட்டினேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். (ஏழு மாதம் இருந்தேன். சமையல்கட்டில். வாழைக்காய் உரித்தேன்.) பீரங்கி வண்டியைப் பிரித்தவன் பைக் சக்கரத்துக்குப் பட்டறை வாசலில் நிற்கலாமா? நானே கழற்றுவேன். வீட்டில்.

மார்ச் 23, சனி

சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் அது தரையை விட்டு எழும்ப வேண்டும். அதற்கென்று கம்பெனிக்காரன் வண்டிக்கு அடியில் சென்டர் ஸ்டாண்டு வைத்துத்தான் கொடுத்திருந்தான். ஒரு நாளும் அதைப் போட்டதில்லை, சைடு ஸ்டாண்டோடு சரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அதை நானே அறுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன். பின்னால் மூன்று பேரை ஏற்றினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது தட்டும், பொறி பறக்கும். எங்கள் நிறுத்தத்தில் எல்லாரும் அறுத்தாகிவிட்டது, கந்திதோவைத் தவிர. அவன் ஒருத்தரை ஏற்றுவான். ரெண்டு பேர் வந்தால் யோசிப்பான்.

ஸ்டாண்டு இல்லாவிட்டால் என்ன, எதிர்வீட்டில் டோமினோ ஆடுகிறவர்கள் உட்காரும் பீர் பெட்டி இருக்கிறதே. ஒன்றை இரவல் வாங்கினேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டு நால்வரும் பார்க்க வந்தார்கள். பார்க்க ஆள் இருந்தால் எனக்குப் பலம் கூடும். குனிந்தேன், வண்டியைக் கட்டிப்பிடித்தேன், ஒரே மூச்சில் தூக்கிப் பெட்டி மேல் வைத்தேன். கைதட்டினார்கள். நான் தொப்பியைக் கழற்றி வணங்கிய அதே நொடி, ஆறு வருஷம் வெயிலில் காய்ந்த பெட்டி அப்பளம் மாதிரி நொறுங்கியது. வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரு கண்ணாடி காலி.

"எவாரிஸ்தோ, இனிமே நாங்க எது மேல உக்காருறது?" — இதுதான் அவர்கள் கவலை.

வண்டி நூறு கிலோ. இருநூறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 24, ஞாயிறு

இடுப்பு போய்விட்டது. தொமசீனா தைலம் தேய்த்துவிட்டாள். இடது கையால் தேய்த்தாள். வலது கையில்தான் கட்டு.

மார்ச் 27, புதன்

மூளைக்கு வேலை கொடுத்தேன். கூரை உத்தரத்தில் கயிறு போட்டு, வண்டியின் பின்பக்கத்தைக் கட்டி இழுத்தேன். இழுக்க இழுக்க ஏதோ ஒன்று நகர்ந்தது. வண்டி என்று நினைத்தேன். கூரை. மூன்று தகரத்தின் ஆணி பிடுங்கிக்கொண்டது. சக்கரம் தரையிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

மூன்று புயலைத் தாங்கிய வீடு இது. என்னைத் தாங்கவில்லை.

மார்ச் 28, வியாழன்

மழை. உள்ளேயும்.

மார்ச் 30, சனி

இதை எழுத வேண்டாமென்று பார்த்தேன். எழுதுகிறேன்.

தூக்கத்தானே முடியவில்லை, படுக்கப் போட்டுக் கழற்றுவோம் என்று கொல்லையில் வண்டியை ஒருக்களித்துச் சாய்த்தேன். பழைய மெத்தை கூடப் போட்டேன், பிள்ளைத்தாச்சியைப் படுக்க வைப்பது போல. ஸ்பேனர் எடுக்க உள்ளே போன இடத்தில் வானொலியில் பேஸ்பால் நிலவரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம்தான். டாங்கி மூடி வழியாகப் பெட்ரோல் கசிந்து, மெத்தையை நனைத்து, சரிவில் ஓடியிருக்கிறது. சரிவின் கோடியில் தொமசீனா கரியடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தாள்.

வாடை பிடித்தது அவள்தான். நான் வெளியே வந்தபோது, எரிகிற அடுப்பைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையோடு. நடுத்தெருவில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஒரு தடவ போதாதா உனக்கு?" என்றாள்.

மார்ச் 31, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

காளையுமில்ல, ஆடுமில்ல, கோழியுமில்ல. ரோடு காலியாத்தான் இருந்துச்சு. சக்கரம் ஆடுறது எனக்குத் தெரியும். ரெண்டு மாசமாத் தெரியும். வளைவுல எல்லாம் பின்னால யாரோ தட்டிக் கூப்பிடுற மாதிரி ஒரு சத்தம். இன்னிக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்... அவள ஏத்தினேனே? தெரிஞ்சேதானே ஏத்தினேன்? முன்பின் தெரியாத எவளோ ஒருத்திய எவனாச்சும் இப்படி ஏத்திக் கீழ போட்டிருந்தா நிறுத்தத்துல வச்சு என்னென்ன பேசியிருப்பேன் நான்.

— இதை யாரிடமும் சொல்லவில்லை. எழுதினால் சொன்ன மாதிரி ஆகுமா?

ஏப்ரல் 2, செவ்வாய்

கந்திதோவிடம் போனேன். நிறுத்தத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஒருத்தன்கூட நகரவில்லை.

"மச்சான், உன் ஸ்டாண்ட எப்படிப் போடுறேன்னு காட்டு."

அவன் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய அடி. நனைந்தாலும் ஐம்பத்தைந்து கிலோ தாண்டாத ஆள். வண்டியைச் சமமான சிமென்ட் தரைக்குத் தள்ளினான். இடது கை கைப்பிடியில், வலது கை பின்சீட்டுக் கம்பியில். ஸ்டாண்டு மேல் ஒரு காலை வைத்தான், ஏறி நின்றான். நூறு கிலோ வண்டி பூனைக்குட்டி மாதிரி தானாக எழுந்து பின்னால் உட்கார்ந்தது. பின்சக்கரம் காற்றில்.

"இப்ப நீ."

நான் குனிந்து கம்பியைப் பற்றினேன். கையில் ஒரு அடி விழுந்தது.

"தூக்காத! கை புடிக்கிறதுக்குத்தான். ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரையத் தொட்டிச்சான்னு பாரு. ஒத்தக்கால் தொட்டா சாஞ்சிடும். தொட்டிச்சா? இப்ப நிமுந்து அது மேல நில்லு. உன் தொப்பைக்கு இன்னிக்காவது ஒரு வேலை குடு."

நின்றேன். எழுந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு சுலபம்.

"ஏன் எவாரிஸ்தோ, இதப் பட்டாளத்துல சொல்லித் தரலியா?" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன்.

"பட்டாளத்துல நான் வாழைக்காய் உரிச்சேன்," என்றேன்.

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், மருந்துக்கடைக்குள்ளிருந்து யூதெல்கா ஓடி வந்தாள், யாருக்கோ வலிப்பு என்று நினைத்து.

ஏப்ரல் 5, வெள்ளி

பழைய வண்டி உடைக்கும் இடத்தில் என் வண்டிக்குப் பொருந்துகிற ஸ்டாண்டு கிடைத்தது. வெல்டிங் வைத்தாயிற்று. அறுத்ததும் நான், ஒட்டியதும் நான். ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் வராமல் காப்பவன் நான்.

ஏப்ரல் 6, சனி

வாசல் சிமென்ட் தரை. எஞ்சின் ஆறியிருந்தது. பெட்ரோல் குழாயை மூடினேன். ஏறி நின்றேன், எழுந்தது. கந்திதோ சொன்னபடி முன்பிரேக்கைப் பழைய ட்யூப் நாடாவால் இறுக்கிக் கட்டினேன். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. இல்லாவிட்டால் வண்டி முன்னால் உருண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடுமாம். எதிர்வீட்டுக்காரர்கள் எழுந்து வந்தார்கள். இந்த முறை போய் உட்காரச் சொன்னேன். மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நாலாமவனுக்குப் பெட்டி இல்லை.

தொமசீனா வந்தாள். சீட்டைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். வண்டி அசையவில்லை. இன்னொரு உலுக்கு. அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

நட்டைத் தளர்த்தி, அச்சை உருவி, சக்கரத்தை எடுத்தேன். உள்ளே பேரிங்கைத் தட்டி எடுத்தால், குண்டெல்லாம் வாணலியில் தீய்ந்த மிளகு மாதிரி உதிர்ந்தது. அள்ளி அவள் கையில் போட்டேன். எப்படிச் சொல்வதென்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன், அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ரெண்டு மாசமா எனக்குத் தெரியும்," என்றேன்.

அவள் அந்தக் குண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும்தான் சத்தம் கேட்டுச்சு, எவாரிஸ்தோ. நீயா சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்."

புது பேரிங், கிரீஸ், சக்கரம், நட்டு. விரலால் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்றும் கந்திதோ.

ஏப்ரல் 10, புதன்

ஆஸ்பத்திரி முன்னால் வேகத்தடை. பின்னால் மூன்று பேர், ஒருத்தி மடியில் சாமான். ஸ்டாண்டு தட்டி ஊரே கேட்கக் கத்தியது. எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து தொமசீனா தலையை நிமிர்த்தினாள். பார்த்தாள். மறுபடி மாவு தட்டப் போய்விட்டாள்.

அறுத்துப் போட்டுவிடலாமா என்று ஒரு எண்ணம் — சே. மனுஷனா நான்?

ஏப்ரல் 12, வெள்ளி

ரெண்டு நாளாகப் பின்னால் ஒருவர், மிஞ்சினால் இருவர். நிறுத்தத்தில் எனக்குக் கந்திதோவின் தம்பி என்று பெயர் வைத்தாயிற்று. வயிற்றெரிச்சல்காரர்கள். அவனைவிட நான் அழகன்.

ஏப்ரல் 15, திங்கள்

காலை ஆறேகால். கந்திதோ வந்து ஹார்ன் அடித்தான். தொமசீனா மாவுப் பாத்திரத்தோடு வெளியே வந்து அவனிடம், "இனிமே வர வேண்டாம்பா," என்றாள். அவன் போகும்போது எனக்குக் கண்ணடித்தான். பதிலுக்கு நான் கண்ணடிக்கவில்லை. கண் ஒரு மாதிரி இருந்தது. தூசி.

என் பின்னால் ஏறினாள். சந்தை வளைவில் அவள் கை என் தோளை இறுக்கியது. வளைவு முடிந்ததும் தளர்ந்தது. எடுக்கவில்லை.

மீன் கடை முக்கில் ரெண்டு பேர் கை காட்டினார்கள். "நிறுத்து எவாரிஸ்தோ, ஒடுங்கி உக்காந்துக்கிறோம்!"

நான் நிறுத்தவில்லை. பின்னால் ஆள் இருந்தது.