பதினெட்டா, பத்தொன்பதா

மார்ச் 4
மைக் இன்றும் கூட்டம் போட்டார். தலைமை மருத்துவருக்கு நான் வைத்த பெயர் அது. ஒலிபெருக்கியைக் கண்டால் அவர் கை தானாக நீளும். எங்களுக்கே எங்கள் ஆய்வை ஆறாவது முறையாக விளக்கினார். இதயச் செயலிழப்போடு வீடு திரும்பிய நானூறு பேர். இருநூறு பேருக்கு வழக்கமான மருந்துச் சீட்டு மட்டும். மீதி இருநூறு பேருக்கு ஓர் எடை இயந்திரம் இரவல், வாரம் ஒருமுறை நர்ஸின் போன். எடை ஏறியதா, கால் வீங்கியதா, மூச்சு வாங்குகிறதா. ஆறு மாதம் முடிந்ததும் எந்தப் பக்கம் சாவு குறைவு என்று பார்ப்பது.

அந்த நர்ஸ் நான். மேடையில் "நாங்கள்" என்பது அவர். அந்த "நாங்களு"க்குள் ஒரே ஓர் ஆள்தான் நிற்கிறார்.

மார்ச் 11
கடைசி ஆள், தச்சர். நூற்றியெண்பதாம் நாள். போன வாரமே "மக வீட்டுக்குப் போறேன் சிஸ்டர்" என்றிருந்தார். இன்று மனைவி எடுத்தார்.

"கிளம்பிட்டாரா?"

"போய்ச் சேர்ந்துட்டார்மா."

நல்லது, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி வைத்தேன். "மகள் வீடு சேர்ந்தார். உயிருடன்." கோப்பு மூடியாயிற்று.

மார்ச் 18
எங்கள் பக்கம் பதினெட்டுச் சாவு, அந்தப் பக்கம் முப்பத்திரண்டு. ஆய்வுக்குப் புள்ளிவிவரம் போடும் கணக்குப் பெண் திரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "தேறிடுச்சு. ஆனா நூலிழை. நம்ம பக்கம் இன்னும் ஒண்ணு கூடியிருந்தா, தற்செயலா வந்த வித்தியாசமா இருக்கலாம்னுதான் எழுதணும்." நானூறு பேரில் ஒருவர் முகத்தையும் பார்க்காதவள். சாவை வெங்காயம் மாதிரி எண்ணுகிறாள்.

மைக் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் போய்விட்டது. கட்டுரையில் நான்காவதாக என் பெயர் வரும். வீட்டுக்காரரிடம் அலட்சியமாகத்தான் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

மார்ச் 26
தச்சரின் மனைவி வந்தார். எடை இயந்திரத்தைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மகள் வீட்டில் தச்சர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

என்னையே பார்த்தார். "அன்னிக்கே சொன்னேனேம்மா. நீங்க போன் பண்றதுக்கு நாலு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார்."

பிறகு, எனக்குச் சமாதானம் சொல்வது போல — எனக்கு — "நீங்க சந்தோஷம்னு சொன்னீங்க. பட்ட அவஸ்தை முடிஞ்சுதேன்னு சொல்றீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

ரசீது எழுதிக் கொடுத்தேன். எடை இயந்திரம் ஒன்று, நல்ல நிலையில்.

மார்ச் 27
யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 29
இன்றும் இல்லை. மைக்கைப் பித்தலாட்டக்காரன் என்று இந்த நோட்டில் எத்தனை பக்கம் திட்டியிருக்கிறேன். மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருப்பது யார்? மைக்கா? நான்காவது பெயருக்காகவா? ஆறு மாதம் வாராவாரம் பேசிய மனுஷன் செத்தது தெரியாமல் சந்தோஷம்னு சொன்னேன் பாரு, அதை வெளியே சொல்ல வெட்கமா இருக்கு. அதுதான் நிஜம். காது இருந்து என்ன பிரயோஜனம்?

மார்ச் 30
மைக்கிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "சேர்ந்தார்னு நீங்கதானே எழுதினீங்க? கையெழுத்து உங்களோடது. அப்படியே இருக்கட்டும் சிஸ்டர். யாருக்கு நஷ்டம்?"

ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அவரை விட அந்த நொடிதான் எனக்கு அருவருப்பு.

ஏப்ரல் 1
திருத்தப் படிவம் கொடுத்துவிட்டேன். "பிழைக்கான காரணம்" என்ற இடத்தில் இரண்டு விரல் அகலம்தான் விட்டிருக்கிறார்கள். "காதில் விழுந்தது, கேட்கவில்லை" என்று எழுதினேன். கணக்குப் பெண் வாங்கிப் படித்தாள். பதினெட்டை அடித்துப் பத்தொன்பது போட்டு, ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். மைக்கைக் கேட்கவே இல்லை. அவளைப் பற்றி எழுதியதை நான் அடிக்கவில்லை. எழுதியவளின் லட்சணம் தெரியட்டும்.

ஏப்ரல் 9
மாநாட்டிலிருந்து சுருக்கத்தைத் திரும்பப் பெற்றாயிற்று. மைக் என்னைப் பார்த்தால் மாடிப்படி வழியாகப் போகிறார். கட்டுரை வந்தாலும் என் பெயர் இருக்காதாம். இருக்க வேண்டாம்.

ஏப்ரல் 21
"உயிருடன்" என்று நான் எழுதியவர்களில் மீதி நூற்றியெண்பத்தொரு பேரையும் மறுபடி அழைக்கிறேன். நெறிக்குழுவின் உத்தரவு. உத்தரவு வராவிட்டாலும் செய்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மனைவி, மகன், மருமகள் சொல்வதை எழுதுவதில்லை. ஆளின் குரல் கேட்க வேண்டும்.

இன்று ஒரு பஸ் டிரைவர் கத்தினார். "நல்லா இருக்கேன்னு என் பையன் சொன்னானா இல்லையா? அப்புறம் எதுக்கு என்னையே கூப்பிடச் சொல்ற? நான் செத்துட்டேனான்னு கேக்கறியா?"

"ஆமாங்க," என்றேன். "அதத்தான் கேக்கறேன்."