அமைச்சரின் தம்பி

பாபடோயிட்டோய்
5.5.1998

அன்பு மகன் யசீகரனுக்கு,

நான் சுகம். ஆல்பனியில் குளிர் கூட என்றாய். நிசாந்தினியைக் காலுறை போடச் சொல், பிள்ளைத்தாச்சி.

நூலகத்தில் திபெத்து வரலாறு ஒன்று கிடைத்தது. ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் பாடம் நடத்த நீதான் மிச்சம், பொறுத்துக்கொள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கார் என்ற குலத்தவர் அங்கே அமைச்சர்கள். சிறுவயதில் அரியணை ஏறிய அரசனுக்காக நாட்டை நடத்தினார்கள். வளர்ந்ததும் அவன் அந்தக் குலத்தையே அழித்தான். அவர்களில் தலைமை அமைச்சராக இருந்தவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தம்பியும் மகனும் சீனப் பேரரசில் அடைக்கலம் புகுந்தார்கள்.

அதோடு புத்தகத்தை மூடிவிட்டேன். உனக்குத் தெரியாததா? உன்னைப் பெற்றவரை, என் அண்ணனை, அவர் கட்டி வளர்த்த இயக்கமே சுட்டது. தாயும் இல்லாத உன்னை இழுத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு அகதியாக வந்தேன். இங்குள்ள அதிகாரிகள் நம்மைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்து, 'என் மகன்' என்று சொல்லி என் பெயரையே உனக்கும் எழுதினேன். பிள்ளை இல்லாத எனக்கு அது பொய்யாகவே படவில்லை.

ஞாயிறு வா. நண்டு வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

ஆல்பனி
20.5.1998

அன்புள்ள அப்பா,

ஞாயிறு நண்டைத் திண்டுபோட்டு ஒண்டும் கதையாமல் வந்திட்டன். சொல்ல வாய் வரேல்லை.

பிள்ளைக்கு இங்கை குடும்பப் பெயர் குடுக்கவேணும். என்னைப் பெத்த அப்பான்ரை பெயரைக் குடுக்கப்போறன். நானும் மாத்திறன், யசீகரன் செல்வரத்தினம் எண்டு. ஊரிலை அவரின்ரை பெயரைச் சொல்ல இப்பவும் ஆக்களுக்குப் பயம். இங்கையாவது ஒரு பிள்ளையைக் கூப்பிடேக்கை அந்தப் பெயர் கேக்கட்டும்.

கோவிக்காதேங்கோ. உங்களை எப்பவும் அப்பா எண்டுதான் கூப்பிடுவன். நீங்கள் ஓம் எண்டால்தான் கையெழுத்து வைப்பன்.

உங்கள்
யசீ

பாபடோயிட்டோய்
27.5.1998

அன்பு யசீகரனுக்கு,

ஓம். கையெழுத்து வை.

மூடிய புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். அமைச்சரின் மகன் வழியினருக்குச் சீனத்தில் 'லுன்' என்று குடும்பப் பெயர் வந்ததாம். திபெத்தில் அமைச்சரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சொந்த நாட்டில் அழித்த பதவி, அடைக்கலம் தந்த நாட்டில் பேரப்பிள்ளைகளின் பெயராக உயிரோடு இருந்திருக்கிறது. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, தகப்பன் பெயர் கேட்டு நிமிர்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உன் பிள்ளையும் நிமிரட்டும்.

தம்பியைப் பற்றி, வந்த கொஞ்ச காலத்தில் இறந்தார் என்பதற்கு மேல் அந்தப் புத்தகத்தில் ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிள்ளைக்கு முன்னால் என்னை அப்பா என்று கூப்பிடாதே. அண்ணன்தான் அதற்கு அப்பப்பா. அந்த இடத்தில் நான் நின்றால் அவர் எங்கே நிற்பார்?

இந்தக் கடிதத்தை இரண்டாம் முறை எழுதுகிறேன். முதல் தாளின் அடியில், பழக்கத்தில், கை பழைய மாதிரியே எழுதிவிட்டது.

அன்புடன்,
சித்தப்பா