ஈரான்காரர் பேசாத வசனம்

என் தங்கமே தாமு,

பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விளக்கேற்றப் போனால் திரியை மறந்துவிடுகிறேன். திரி எடுக்கப் போனால் எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். உன் மாமா பார்த்துவிட்டு, "இன்னாடி, காலுல சக்கரம் கட்டிக்கினு சுத்துற?" என்கிறார். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உன்னிடம்தான் கேட்கவேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. விஜயா நன்றாக இருக்கிறாள். உன் செல்போன் கடையை அவளே பார்த்துக்கொள்கிறாள். போனுக்குக் கண்ணாடி ஒட்டுவதில் உன் பொண்டாட்டி உன்னைவிடச் சுத்தம்டா, ஒரு குமிழி நிற்காது. கோவித்துக்கொள்ளாதே. உன் முதல் திதிக்குக் காளஹஸ்தி போகலாம் என்கிறாள்.

இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கப்போகிறது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், நடுவில் குறுக்கே பேசாதே. புத்தூரில் எங்கள் வீட்டு மாடி ரூமில் ஞாயிறு சாயங்காலம் படம் போடுவோம். புதுசாக ஒரு தமிழ்ப் படம் வந்தால், அதே மாதிரி வெளிநாட்டுப் படம் எங்கே இருக்கிறதென்று என் தம்பி, நீதான்டா, தேடி எடுத்து வருவான். கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்காகச் சுவரோரம் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். பக்கத்து வீட்டு ரமணம்மாவுக்காக நடுநடுவே தெலுங்கும் வரும். கொரியாக்காரி திட்டினாலும் என் தம்பி குரல்தான், ஜப்பான் கிழவர் அழுதாலும் என் தம்பி குரல்தான். படம் முடிந்தால் எது ஒசத்தி, நம்முடையதா அவர்களுடையதா என்று சண்டை. காபி ஆறிப்போகும், சண்டை ஆறாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புதுத் தமிழ்ப் படம் வந்தது. நம் ஊர் ஆந்திராவாச்சே, தெலுங்கு பேச வைத்துப் போட்டிருந்தார்கள், நமக்கு அது ஒத்துவராதே. வேன் பேசிக்கொண்டு திருத்தணிக்கே போனோம். நான் மலை ஏறி முருகனைப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டருக்குள் கால் வைத்தேன். அண்ணன்மாரோடு சண்டை போட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வேலைக்குக் கிளம்புகிற பெண்ணின் கதை. பஸ் ஏற்ற வந்த அப்பா ஜன்னல் பக்கம் வந்து, "யாரோட சண்ட போட்டாலும் சாப்ட்டுட்டுப் போடும்மா" என்கிறார். தியேட்டரே கைதட்டியது.

திரும்பும்போது வேனில் ஒரே ரகளை. காலேஜில் பாடம் நடத்துகிற நம் ஜனார்த்தன் சார்தான் ஆரம்பித்தார். "பக்கா தொங்கதனம் இது! தாமு அண்ணன் போட்டாரே ஈரான் படம், அதே சீன், அதே டயலாக். திருடிட்டான்!"

விசைத்தறி முனிரத்தினம் விடுவானா? "அங்க மல, இங்க பஸ் ஸ்டாண்டு. அங்க காத்து, இங்க பாட்டு. அவ்ளோதான் சார் வித்தியாசம்."

நான் மட்டும் சும்மா இருந்தேனா? "ஈரான்காரரு சொன்னப்போ நான் அழுதுட்டேன். இவுரு சொல்றப்போ விசிலடிக்கிறாங்க" என்றேன். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

சார் அதை அப்படியே போனில் பேசிப் பதிவாகப் போட்டுவிட்டார், இந்த டைரக்டர் திருடன் என்று. அடுத்த நாளே யாரோ பதில் எழுதியிருந்தார்கள்: "அந்த இடத்தில் வசனமே கிடையாதே சார். நீங்கள் எந்த ஊர் ஈரான் படம் பார்த்தீர்கள்?" அதன் கீழே ஊரெல்லாம் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை சார் முகம் செத்துப்போய் வந்தார். அந்த ஈரான் படத்தைத் திரும்பப் போட்டோம். மலைப்பாதை வந்தது, பழைய பஸ் வந்தது, முக்காடு போட்ட அந்தப் பெண் ஏறினாள். அப்பா கீழே நிற்கிறார், முதுகுதான் தெரிகிறது. பஸ் போகிறது. அவர் நிற்கிறார்.

"சவுண்டு ஏத்துங்க சார்" என்றான் முனிரத்தினம்.

ஏற்றினார். காற்று மட்டும்தான் அடித்தது.

"எழுத்து உட்டுப்போயிருக்கும், வேற பிரிண்டு பாருங்க."

"எழுத்து எதுக்குய்யா வரும்? அந்தாளு வாயே தொறக்கலயே!" என்றார் சார். "அண்ணன் நமக்குக் கத உட்டுருக்காரு. இத்தினி வருஷமா நாம பேசினதெல்லாம் எந்தப் படத்த? அவங்க எடுத்ததயா, இவுரு சொன்னதயா?"

"செத்துப்போனவன பொய்யன்னு சொல்லாத சார். நல்லா இருக்காது" என்றான் முனிரத்தினம்.

"அப்போ நான் போய்ப் பொய்யன்னு நிக்கட்டுமா? தப்பா சொன்னது எங்க ஃபிரண்டுதான்னு போட்டுட்றேன். இனிமே யாரும் நின்னு சொல்லவேணாம். படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கலாம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பேசிப் பேசியே எல்லார் உயிரையும் வாங்குகிறவள் நான். காபித் தட்டை வைத்துக்கொண்டு மரம்போல நின்றேன். ஏனென்று சொல்கிறேன் கேள்.

முதல் தடவை பார்த்தபோது அந்த ஈரான்காரர் கையை நான் பார்க்கவே இல்லை, தாமு. உன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சத்தமில்லாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் கையில் ஒரு துணி மூட்டை. மேலே ரொட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. மகளுக்குக் கட்டி எடுத்து வந்ததைக் கொடுக்க மறந்துவிட்டு, பஸ் போன பிறகும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அன்றைக்கு நீயாகவா பேசினாய்? இல்லையே. அந்த இடத்தில் நீயும் சும்மாதான் நின்றாய். நான்தானே பின்னாலிருந்து கத்தினேன், "இன்னாடா சொல்றாரு அவரு?" என்று. நீ கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னாய். "யாரும் கூப்புடலன்னாலும் நீயே போட்டுக்கினு துன்னுடும்மா. சண்ட போட்றதா இருந்தாலும் துன்னுட்டுப் போடு. காலி வயித்தோட எவன்கிட்டயும் வாயக் குடுக்காத."

கல்யாணமாகி நான் புத்தூருக்கு வந்த அன்று, நகரி பஸ் ஸ்டாண்டில் நம்மைப் பெத்த நைனா என்னிடம் சொன்னதுடா அது. நீ சின்னப் பையன், அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக நின்றாய். உனக்கு அது ஞாபகம் இருக்குமென்று எனக்குத் தெரியாதே! படம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது, "ஈரான்ல கூட நம்ம நைனா மாதிரியே பேசுறாங்கடா" என்று அதிசயப்பட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "எல்லா ஊரு நைனாவும் ஒண்ணுதான்க்கா" என்றாய். நானும் நம்பி, பெருமாள் கோயில் பட்டர் வீட்டம்மா வரைக்கும் போய்ச் சொன்னேன்.

அதிலிருந்துதான் இந்தத் தவிப்பு. வேறெது எதெல்லாம் நீ போட்டது? போலீஸ்காரனை அந்தக் கொரியாக்காரி கிழித்தாளே, அதில் நம் அம்மா எவ்வளவு? கட்டில் பக்கம் உட்கார்ந்து பொண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்ட ஜப்பான் கிழவர், அவரே கேட்டாரா, இல்லை உனக்கு விஜயாவிடம் ஏதாவது கேட்கவேண்டியிருந்ததா? சாமி முன்னால் நின்றாலும் இதுதான் ஓடுகிறது. கோவிந்தா என்று ஆரம்பித்து கொரியாவில் போய் முடிகிறது.

இந்தத் தமிழ்ப் படம் எடுத்த பிள்ளை யாரிடமும் திருடவில்லை. அவனுக்கும் ஒரு நைனா இருந்திருப்பார், அவரும் எங்கேயாவது ஒரு பஸ் பக்கத்தில் நின்றிருப்பார்.

நேற்று சாருக்குப் போன் செய்தேன். "போட்டுட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லக்கா. எழுதிக்கினு இருக்கேன். தப்பு தப்புதானேக்கா?"

"தப்புதான். அந்தப் படம் எடுத்த புள்ளகிட்ட மன்னிப்பு கேளுங்க, நானும் கேக்குறேன். ஆனா எந்தம்பி பொய் சொன்னான்னு மட்டும் எழுதாதீங்க. அக்கா கேட்டா, தம்பி சொன்னான்னு எழுதுங்க. அந்த ஈரான்காரரு கையில இருந்தத அவன் வாயால சொன்னான், அவ்ளோதான்."

"கையிலயா? கையில இன்னாக்கா இருந்துச்சு?"

இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த மனுஷன், கீழே எழுத்து வருகிறதா என்று பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டார். ரொட்டியைச் சொன்னேன். நைனாவைச் சொன்னேன். போனில் அந்தக் காற்றுச் சத்தம் கேட்டது, அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். அப்புறம், "நீங்களே எழுதிக் குடுங்கக்கா, அதையே போட்டுட்றேன்" என்றார். திருத்தாமல் போடவேண்டும் என்று சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

வருகிற ஞாயிறும் அதே படம்தான், முழுசாக. எழுத்து வருகிற இடத்தில் சார் படித்துச் சொல்வார், ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த பஸ் வரும். ரமணம்மா என் தொடையில் தட்டி, "ஏமண்டுன்னாடக்கா?" என்று, அவர் என்ன சொல்கிறாரென்று கேட்பாள். கேட்காமல் அவளால் இருக்க முடியாது, நான் என்ன கேட்காமலா இருந்தேன்? நான் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன், தாமு. "ஒண்ணும் சொல்லல, அவரு கையப் பாரு" என்றுதான் முதலில் சொல்வேன். அவள் பார்த்து முடிக்கிறவரை இந்த வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம் அவள் காதில், எங்கள் நைனா என்னிடம் சொன்னது என்று சொல்லியே சொல்வேன்.

அன்றைக்குச் சாரோடு சண்டை வந்தாலும் வரும். துன்னுட்டுத்தான் மாடி ஏறுவேன், கவலைப்படாதே.

பின்வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிற
உன் அக்கா,
சரோஜா