இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பொருள் வேண்டாம்

நவம்பர் 14, வெள்ளி

வணக்கம்.

இந்தக் கடிதம், வார இறுதிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிற பெரியவளின் பள்ளிப் பையில், தண்ணீர் பாட்டில் வைக்கிற உறையில் வருகிறது. படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். படிப்பாள். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நாம் இருவரும் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே குரல் ஏறிவிடுகிறது.

முதலில் ஒன்று. நானும் அவரும் பிரிந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் நீங்கள் அவரைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள். அதில் உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வருத்தமெல்லாம் டெலஸ்கோப் மேல்.

போன கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு நான் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். நீங்களும் வாங்கினீர்கள். உங்களுடையது ஒரு சாண் நீளம் அதிகம். ஒரு வாரம் நிலாவைப் பார்த்தார்கள். இப்போது என் வீட்டு டெலஸ்கோப்பில் சின்னவன் சாக்ஸ் காயப்போடுகிறான்.

நேற்று சாப்பிடும்போது ரகசியமாகச் சொன்னான்: "அம்மா, இந்த வருஷம் அங்க என்ன வாங்கறாங்கன்னு நான் பாத்துட்டு வந்து சொல்றேன். நீ அதைவிடப் பெருசா வாங்கிடு." ஏழு வயசில் ஏலம் விடுகிறான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதனால் ஒரு யோசனை. இந்த வருஷம் இரண்டு வீட்டிலும் பொருள் வேண்டாம். காகிதத்தில் சுற்றி ரிப்பன் கட்ட முடியாத ஏதாவது ஒன்று, பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிற ஒன்று, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்போம். அவரிடம் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்றார். ஆள் மாறவே இல்லை.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா


நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளைகள் நலம். நானும் நலம். அவரும் நலம், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். டெலஸ்கோப் விஷயத்தில் நான் செய்தது தப்பு. கடையில் சின்னதும் இருந்தது. உங்களைவிட நல்ல பெயர் வாங்க வேண்டும் என்றுதான் பெரியதை எடுத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இந்த வருஷத்துக்கு வாங்கி அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்திருந்த ரயில் வண்டியை நேற்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சின்னவன் அதை ஏற்கனவே உளவு பார்த்திருந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. நான் வேலை பார்க்கிற நீச்சல் குளத்தில் இருவருக்கும் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மாதக் கடைசியில் ஆரம்பித்தால் கிறிஸ்துமஸுக்குள் நாலு சனிக்கிழமை இருக்கிறது. பிள்ளைகள் உங்கள் பொறுப்பில் இருப்பதால் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஃபாரம் உள்ளே இருக்கிறது.

அன்புடன்,
விசில்

(பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கழுத்தில் எப்போதும் தொங்குகிறதே, அதனால்.)


நவம்பர் 21, வெள்ளி

வணக்கம்.

அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். எங்கள் வீட்டில் நான்தான் கடைக்குட்டி. யாருக்கும் அக்காவாக இருந்து எனக்குப் பழக்கமில்லை.

ஃபாரத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது வயசில் ஏரிப் படிக்கட்டில் கால் வழுக்கி உள்ளே போனேன். யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். அன்றிலிருந்து வாளிக்கு மேல் ஆழமான தண்ணீரில் நான் கை வைத்ததில்லை. உங்கள் வீட்டுக்காரர் பத்து வருஷம் எனக்குத் தண்ணி காட்டினார். அப்போதுகூட நான் இப்படி நடுங்கியதில்லை. நேற்று உங்கள் ஃபாரத்தை நினைத்துக்கொண்டே பஸ் ஓட்டினேன், ஸ்டியரிங்கில் கை வேர்த்து வழுக்கியது.

கேக் செய்யச் சொல்லிக்கொடுங்கள். படம் வரையச் சொல்லிக்கொடுங்கள். தரையில் நடக்கிற எதுவாக இருந்தாலும் சரி.

பிள்ளைகளின் அம்மா


நவம்பர் 23, ஞாயிறு

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நேற்று காலை உங்கள் பஸ்ஸில் வந்தேன். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், தொப்பி போட்டிருந்தேன். முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தேன்.

கைத்தடியோடு ஒருவர் ஏறினார். அவர் உட்காரும் வரை நீங்கள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒரு கார்க்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நீங்கள் கண்ணாடியில் அந்தப் பெரியவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நாற்பது பேர் இருந்தோம். எங்களில் ஒருவர்கூட உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டுவிட்டு ஏறவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

நான் வாதாட வரவில்லை. ஒரு மணி நேரம் எங்கள் குளத்துக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, என்னைப் பாருங்கள். பிறகும் வேண்டாம் என்றால் நான் கேக் செய்யக் கற்றுக்கொள்கிறேன். எனக்கு அதுவும் தெரியாது.

விசில்


நவம்பர் 28, வெள்ளி

வணக்கம்.

புதன்கிழமை வந்தேன். தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தேன், ஆனாலும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பார்க்காத மாதிரி இருந்ததற்கு நன்றி.

ஈரத் தரையில் ஓடிய தொந்திக்கார மனிதரை ஒரே விசிலில் நிறுத்தினீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நடந்துபோனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுத குழந்தையை நீங்கள் இழுக்கவில்லை. அது தானாகக் கையை நீட்டும் வரை தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தீர்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட நீங்கள் உட்காரவில்லை. யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கண் தண்ணீரிலேயே இருந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு நிபந்தனை. சனிக்கிழமை ஷிப்டை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு வகுப்புக்கும் நான் பெஞ்சில் இருப்பேன்.

என் பங்குக்கு நான் கொடுப்பது: கிறிஸ்துமஸ் அன்று காலை முதல் பஸ் என்னுடையது. பிள்ளைகள் முன் சீட்டில் வரலாம். நிறுத்தத்தின் பெயரைப் பெரியவள் மைக்கில் சொல்லலாம். டிப்போ மேலாளரிடம் கேட்டு, அவர் மூன்று நாள் யோசித்து, சரி என்றுவிட்டார்.

பிள்ளைகளின் அம்மா


டிசம்பர் 7, ஞாயிறு

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

சின்னவனைப் பற்றிக் கவலையே வேண்டாம். இரண்டு வகுப்பில் மீன்குஞ்சு ஆகிவிட்டான். குளத்துத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று மட்டும் நீங்களும் ஒரு தடவை சொல்லுங்கள்.

பெரியவள்தான். இரண்டு வாரமும் முதல் படியிலேயே நின்றாள், நீங்களே பார்த்தீர்கள். நீங்கள் பார்க்காதது ஒன்று இருக்கிறது. நேற்று அவளிடம் குனிந்து, "என்னடா பயமா இருக்கா?" என்று கேட்டேன். "எனக்கு பயமே இல்ல. அம்மா அங்க ரெண்டு கையாலயும் பெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. நான் இறங்கினா அவங்க அழுதுடுவாங்க" என்றாள்.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை நீங்கள் வராமல் இருந்து பாருங்களேன். இல்லையென்றால் நீங்களும் இறங்குங்கள்.

விசில்


டிசம்பர் 12, வெள்ளி

திங்கட்கிழமை உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'என் பிள்ளையைப் பார்க்க வராதே என்று சொல்ல நீ யார்?' என்று ஆரம்பித்தது. கிழித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை இன்னொன்று; அதையும் கிழித்தேன். பை வெள்ளிக்கிழமைதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

நாளை நான் வரவில்லை.

பிள்ளைகளின் அம்மா


டிசம்பர் 14, ஞாயிறு

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

என் கணக்கு தப்பாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். பெரியவள் படியில்கூட நிற்கவில்லை. நேராகப் போய் நீங்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "அம்மாவுக்கு என் மேல கோவமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, டியூட்டி என்று சொன்னேன். நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் குளம் காலியாக இருக்கும். பிள்ளைகளைப் பள்ளி வாகனத்தில் ஏற்றிவிட்டு வர முடியுமா? யாருக்கும் தெரிய வேண்டாம். நானும் நீங்களும்தான். இடுப்பு வரைக்கும் வந்தால் போதும். வராவிட்டாலும் நான் தண்ணீரில் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

விசில்


டிசம்பர் 19, வெள்ளி

அன்புள்ள தங்கச்சிக்கு,

செவ்வாய்க்கிழமை உன்னை நான் என்னென்ன திட்டினேன் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை. 'உன்னைக் கட்டிக்கிட்டதுதான் அந்த ஆள் செஞ்ச ரெண்டாவது தப்பு' என்றது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது. நீ, "முதல் தப்பு யாருங்க?" என்று அமைதியாகக் கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் ஒரு படி இறங்கிவிட்டேன். வேண்டுமென்றேதானே கேட்டாய்?

தண்ணீர் இவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஏரி குளிராக இருந்தது.

இன்னொன்று. பிள்ளைகள் உன்னை விசில் என்று கூப்பிடுவதற்குக் காரணம் உன் கழுத்தில் தொங்குகிறது இல்லை, நான். சித்தி என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். சித்தி என்றாலே கதைகளில் வருகிற, பட்டினி போடுகிறவள்தான் எனக்கு நினைவுக்கு வருவாள். செவ்வாய்க்கிழமை குளத்து வாசனையோடு பஸ் ஓட்டும்போது தோன்றியது: அம்மாவின் தங்கச்சிக்கும் அதே பெயர்தானே? நேற்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். சின்னவன், "அப்போ விசில்?" என்று அழ ஆரம்பித்தான். பேசித் தீர்த்ததில் 'விசில் சித்தி' என்று முடிவாகியிருக்கிறது. உனக்குச் சம்மதமா?

நாளை வருகிறேன். பெஞ்சுக்கு இல்லை.

அக்கா


டிசம்பர் 21, ஞாயிறு

என் அன்பு அக்கா,

சம்மதம், சம்மதம். நேற்று உடை மாற்றும் அறை வாசலிலிருந்து சின்னவன் "விசில் சித்தீ!" என்று கத்தினான். முழுக் குளமும் திரும்பிப் பார்த்தது. நான் வேலை நேரத்தில் அழக் கூடாது என்று விதி இருக்கிறது. நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

உங்கள் முகம் தண்ணீருக்குள் இருந்தபோது மேலே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றதும் பெரியவள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். நீங்கள் படி இறங்க இறங்க அவளும் கரை ஓரமாகவே நடந்து வந்தாள், நீங்கள் விழுந்தால் பிடிக்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு. நீங்கள் கம்பியைப் பிடித்து, மூக்கைப் பொத்தி, மூன்று எண்ணி, முகத்தை உள்ளே வைத்தீர்கள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நீங்கள் உள்ளே இருந்த அந்த நாலு வினாடியும் அவள் மூச்சு விடவில்லை. நீங்கள் நனைந்த கோழி மாதிரி எழுந்து, "என் தொப்பி எங்கே?" என்று கேட்டீர்களே, அப்போதுதான் விட்டாள். அடுத்த நிமிஷம், எல்லாப் படியையும் விட்டுவிட்டு, உங்கள் மேலேயே குதித்துவிட்டாள்.

அதன் பிறகு நீங்கள் இருவரும் யாரை யார் பிடித்துக்கொண்டீர்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நான் விசில் ஊதியிருக்க வேண்டும். குதிப்பது விதிக்கு விரோதம். ஊதவில்லை.

வியாழக்கிழமை விடியும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் நிறுத்தத்தில் நிற்கிறேன். அவரும் எழுந்து வருகிறேன் என்கிறார். பார்ப்போம்.

உங்கள் தங்கச்சி


ஜனவரி 9, வெள்ளி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். விடுமுறை முழுக்க இரட்டை ஷிப்ட், அதனால்தான் எழுதத் தாமதம்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு உன் வீட்டுக்காரர் வலது காலில் உன் செருப்பும் இடது காலில் தன் செருப்புமாக வந்ததை டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ராத்திரி டியூட்டி முடிந்து ஏறிய அந்த நர்ஸ் இறங்கும்போது, பெரியவள் மைக்கில், "மெதுவா இறங்குங்க. போய் நல்லாத் தூங்குங்க" என்றாளே? அந்த அம்மா மறுநாள் என் பஸ்ஸில் ஏறி, "எங்க உங்க அனவுன்சர்?" என்று கேட்டார். இத்தனை வருஷமாக ஏறுகிறார், அன்றுதான் முதல்முறையாக ஒரு வார்த்தை பேசினார்.

பள்ளி திறந்ததும் சின்னவன் வகுப்பில், கிறிஸ்துமஸுக்கு யார் யாருக்கு என்ன கிடைத்தது என்று டீச்சர் கேட்டாராம். இவன் எழுந்து நின்று, "எனக்கு ஒண்ணும் கிடைக்கல மிஸ். எங்க அம்மாவுக்குத்தான் நீச்சல் கிடைச்சுது" என்று சொல்லியிருக்கிறான். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார், வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. சரியாக இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதுதான் அது உண்மை என்று எனக்கும் பட்டது.

இப்போது ஒரு உதவி. பொங்கலுக்கு அடுத்த வாரம் புதன், வியாழன் எனக்கு வேறு ஊரில் பயிற்சி. புது வண்டி வருகிறது. இதுவரை இப்படி வந்தால் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். உங்களிடம் பள்ளி நாளில் அனுப்பியதே இல்லை. இந்தத் தடவை உன்னிடம் இருக்கட்டும்.

பெரியவள் முடியை நனைந்திருக்கும்போது சீவாதே, வலிக்கும், ஆனால் சொல்ல மாட்டாள். அவள் 'பசிக்கல' என்றால் பள்ளியில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். கேட்காதே, பக்கத்தில் சும்மா உட்கார், பத்து நிமிஷத்தில் தானாகக் கொட்டிவிடுவாள். சின்னவனுக்கு விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஒரு பொய் சொல்ல வேண்டும். சின்னப் பொய் போதும். 'இன்னைக்கு என் பஸ்ல ஒரு யானை ஏறிச்சு' என்கிற மாதிரி. டிக்கெட் எடுத்ததா என்று கேட்பான். எடுத்தது என்று சொல். இதெல்லாம் அவர்கள் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நான் யாருக்கும் சொன்னதில்லை.

உன் பக்கத்தில் படுத்தால் காலால் உதைப்பான். எழுப்பிக் கேட்டால், நீந்துகிறேன் என்பான். நம்பிவிடு.

அக்கா