மூங்கிலில் என் பெயர்

14 சனி. காலையில் தூறல்.

போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அக்கா தூங்கிவிட்டாள்.

வீட்டில் சொன்னது: கண்டியில் நூலகம், புவியியல் ஒப்படைக்குக் குறிப்பு எடுக்க. பொய்யில்லை. ஒரு மணித்தியாலம் இருந்தோம். என் வகுப்பு நிவேதா சத்தமாகச் சிரித்தாள், பேச்சு வாங்கியது நான். பிறகு அவள்தான் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு பஸ் ஏற்றினாள். மாட்டேன் என்றால் ஏன் என்பாள். அப்பாவுக்கு அங்கே கந்தோரில் மேசை வேலை என்று போன வருடமே புளுகியிருக்கிறேன். அப்பா மூங்கில் பக்கம் சருகு கூட்டி, காய்ந்த மரம் வெட்டுகிறவர். இன்று லீவு. அந்தத் தைரியம்.

கூட வந்த ரிஸ்னா கொண்டுவந்த ரோல்ஸ் தின்றோம். நான் கை கழுவி வருவதற்குள், என் கணிதப் பெட்டிக் கவராயத்தாலேயே நிவேதா பெரிய மூங்கிலில் கீறிவிட்டாள்: கவிதா 10B + சஞ்சீவ். டியூஷன் சஞ்சீவ். அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் பின்னால் திரிவது இவள்.

"உனக்கும் ஒரு ஆள் வேணுமெல்லே," என்றாள். "தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையளுக்கு வேற ஆர் எழுதப் போகினம்?"

"விடு புள்ள, பகிடிதானே," என்றாள் ரிஸ்னா.

கவராயத்தின் முனை வளைந்துவிட்டது. கலஹா பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். அவள் கையில் குத்தியிருக்கலாம்.

15 ஞாயிறு. வெயில்.

துணி துவைத்தேன். 

அப்பா சாப்பிடும்போது வழக்கமான பேச்சு. "மூங்கில கீறுற புள்ளைங்கள விடு. அதுகளப் பெத்தவங்கள நிக்க வச்சுக் கேக்கணும்."

திங்கள் காலையில் அவருடைய முதல் வேலை, புதிய கீறல்களைப் பார்த்து மேலே சொல்வது.

அக்காவின் படிப்பு ஒரு காதல் கடிதத்தால் நின்றது. அவள் எழுதியதுகூட இல்லை, அவளுக்கு வந்தது. எனக்கு மரத்திலேயே இருக்கிறது, வகுப்போடு.

நிவேதாவுக்குக் காய்ச்சல் வரட்டும். பரீட்சை வரை.

16 திங்கள். பின்னேரம் மழை.

நிவேதா ஒன்றுமே நடக்காததுபோல் அழிறப்பர் கேட்டாள். கொடுத்தேன். கொடுத்த என் கையையும் வெறுக்கிறேன்.

அப்பா ஆறரைக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். அம்மாவிடம், "இன்னைக்கு ஒரு நல்ல மூங்கில வெட்டிட்டேன். பூச்சி அடிச்சிருச்சுன்னு மேல சொல்லிட்டேன்."

"நல்லத ஏன் வெட்டினீங்க?"

அவர் கத்தியை எடுத்தார். அம்மா குடத்தோடு குழாயடிக்குப் போனாள். அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"யாரு அந்தப் பையன்?"

யாருமில்லை என்றேன். கத்தி எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.