கடிபடாத கைக்குத் துவையல் இல்லை

மழை பிழையாது பெய்க. மலைவளம் குன்றாது நிற்க. பசித்தோர் எவரும் பசியோடு உறங்காதிருக்க.

முகில் தங்கும் ஏழு அடுக்கங்களுக்கும் அவற்றில் வாழும் குடிகளுக்கும் உரியவளாகிய வேயல்மலை நாட்டு அரசி கொற்றி, கீழைச் சமவெளி முழுதும் ஆள்பவரும், நால்வகைப் படை உடையவரும், பொன்னெயில் நகரத்து அரியணையில் வீற்றிருப்பவருமாகிய பேரரசர் மருதவல்லனாருக்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டையும் கழனியும் நலமே இருக்க. உமது பட்டத்தரசியாரும் மக்களும் நோயின்றி வாழ்க. இவ்வாழ்த்து மனமுவந்து கூறியதே. இனி வருவதைப் படித்த பின்னும் இதைப் பொய்யென்று எண்ண வேண்டா.

உமது ஓலை வந்தது. அதில் இரண்டு கட்டளைகள் கண்டோம். முடிசூட்டு நாளன்று நீவிர் நடத்தவிருக்கும் எண்டிசை விருந்துக்கு, மாவிலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செந்நிற முசுற்றெறும்பையும் அதன் முட்டையையும் குடம் குடமாகத் திறை செலுத்த வேண்டும் என்பது ஒன்று. உமது தண்டல் நாயகம் இளநாகர் இங்கே நிரப்பிய குடங்களை உடைத்த மலைப்பெண்ணைக் கைகளைப் பிணித்து, வரும் முழுநிலவுக்குள் உமது வாயிலில் ஒப்படைக்க வேண்டும், அவள் நாற்சந்தியில் கசையடி பெறுவாள் என்பது மற்றொன்று. தவறினால் படை வரும் என்றும் எழுதியிருக்கிறீர். எறும்பையும் தாரோம், அவளையும் தாரோம். ஏன் என்பதையும் கேட்டுக்கொள்க.

விருந்தின் செய்தி உமது நாயகம் இங்கே தம் ஆட்களிடம் பெருமை பேசியதிலிருந்தே எமக்குத் தெரிந்தது. வடகடல் தீவினர் மண்ணில் புதைத்து அழுகவிட்டு உண்ணும் மீன், கீழ்த்திசையார் சாம்பலில் பொதிந்து கருக்கிய முட்டை, மேற்றிசை வணிகரின் புழு நெளியும் பாற்கட்டி, தென்தீவுகளின் சாக்கடை நாற்றமுடைய முட்பழம், இவற்றோடு எமது எறும்புத் துவையலையும் ஒரே வரிசையில் வைத்துத் தூதர்களை உண்ணச் செய்வீராம். முகம் கோணாமல் விழுங்கியவனுக்குப் பொற்பூவாம். கோணியவனைக் கண்டு அவை நகைக்குமாம். இதைக் கேட்டபோது எமக்குச் சினம் வந்தது. பிறகு உம்மை எண்ணி வெட்கமும் வந்தது.

அந்த மீனை நாம் உண்டதில்லை. உண்ணச் சொன்னால் எம் முகமும் கோணக்கூடும். ஆயினும் கதிரவன் முகம் காட்டாத குளிர்காலத்தை எவளோ ஒரு தாய் அந்த மீனைக் கொண்டே கடத்தித் தன் பிள்ளைகளை உயிரோடு வைத்திருப்பாள். அவள் சோற்றை வைத்து உமது அவையில் கூத்தாட உமக்கு உரிமை ஏது? பொன்னெயிலின் கருவாட்டுத் தெருவை எம் தூதர்கள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கடக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் இதுவரை நகைத்ததில்லை.

புளிய மரம் நிற்காத உயரம் எமது மலை. எமக்குப் புளிப்பு என்றால் அது முசுறுதான். இஞ்சியும் மிளகும் உப்பும் சேர்த்து அரைத்து, பனிக்காலத்து நெஞ்சுச் சளிக்கு அதையே உண்கிறோம். அதற்கு ஒரு முறைமை உண்டு. உண்ண விரும்புகிறவர் தாமே மரமேறி, புகை மூட்டாமல், வெறுங்கையைக் கூட்டுக்குள் விட்டுக் கடி வாங்கி எடுக்க வேண்டும். நோயாளியும் குழந்தையும் ஒழிய எவருக்கும் விலக்கில்லை. கை எவ்வளவு பொறுக்கிறதோ அவ்வளவே எடுக்க முடியும். ஆகவே மரத்தில் கூடு எப்போதும் மிஞ்சும். முசுறு ஒழிந்த மாமரத்தைப் புழு தின்றுவிடும் என்பதை எம் குடிகள் அறிவர்.

இம்முறைமை நீவிர் அறியாததன்று. உமது சிறிய தந்தை உம்மைத் துரத்திய ஆண்டில், காய்ச்சலோடு எம் தந்தையாரிடம் அடைக்கலம் புகுந்தீர். நோயாளிக்கு விலக்குண்டு என்று அவர் சொல்லியும் கேளாமல் கையை விட்டீர். கண்ணீர் வழிய உண்டீர், முகத்தை எட்டுக் கோணலாகக் கோணினீர், இன்னும் கொஞ்சம் கேட்டீர். அன்று எவரும் உமக்குப் பொற்பூ தரவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது உமது நாட்டுப் பிள்ளைகளும் அறிந்த சொல்.

இனி உமது நாயகம் செய்தது. அவர் எம் அரண்மனைக்கு வந்து முகம் காட்டவில்லை. நேரே மாந்தோப்புக்குள் புகுந்து, பந்தம் கொளுத்திப் புகை மூட்டி, கிளைகளோடு கூடுகளை வெட்டிக் குடங்களில் அடைத்தார். மரத்திலிருந்து இறங்கிய ஒருத்தி, கையை விட்டு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தடுப்பாரில்லை என்று அவரிடம் சொன்னாள். உண்ணப்போவது மன்னர் வாய், கடி வாங்குவது என் கையா என்று அவர் சிரித்தார். உன் தலைவனைக் கூப்பிடு என்றும் அதட்டினார். அவள் தடியை எடுத்துக் குடங்களை ஒவ்வொன்றாக உடைத்தாள். ஆயுதம் தாங்கிய பெருங்கூட்டம் தம்மைத் தாக்கியதாக நாயகம் உமக்கு எழுதினாராம். மெய்தான், அக்கூட்டத்தார் ஒவ்வொருவருக்கும் கால்கள் ஆறு. அவை அவருடைய சிவிகைக்குள்ளும் ஏறவும் அவர் ஓடைக்குள் குதித்தார். அவருடைய தலைப்பாகையைக் கழுவி உலர்த்தி இவ்வோலையோடு அனுப்பியிருக்கிறோம்.

ஆகவே எம் நாட்டின் பெயரை உமது விருந்திலிருந்து நீக்குக. இளநாகர் இனி எம் எல்லையில் கால் வைக்கலாகாது. படை அனுப்புவதாயின் அனுப்புக. எம்மிடம் யானையில்லை, தேரில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை மட்டும் உமது தளபதிக்குச் சொல்லி வைக்க.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல். மரவுரி உடுத்து, அணிகலன் இன்றி, கையெல்லாம் வீங்கி நின்றவளைக் கூலிக்காரி என்று உமது நாயகம் எண்ணிக்கொண்டார். எம் முறைமையில் அரச குலத்துக்கும் விலக்கில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. அன்று மரமேறியவளும், குடங்களை உடைத்தவளும் நாமே. கட்டிப்போக விரும்பினால் நீவிரே நேரில் வந்து கட்டுக. கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

இவ்வண்ணம் அரசியார் வாய்மொழிந்தருள, ஓலைநாயகம் அந்துவன் எழுதினேன். இன்றும் மரமேறிய அரசியாரின் வலக்கை விரல் வீக்கம் வடியாமையால் முத்திரை மோதிரம் ஏறவில்லை. அரசியார் அதை இடக்கையில் பிடித்து அரக்கில் அழுத்தினார். முத்திரை சற்றே சாய்ந்திருப்பினும் ஆணை செல்லும்.