இரண்டு பேர் மடிக்கும் விரிப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்று சலவைக்கூடத்தில் டிரையரிலிருந்து விரிப்பு வண்டி வண்டியாக வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை போலிருக்கிறது. டீ குடித்ததும் "இதோ வந்துடறேன்" என்று போன என் ஜோடி நெட்டை, வேலை முடிந்த பிறகுதான் வந்தாள். பெரிய விரிப்பைத் தரையில் படாமல் மடிக்க இரண்டு பேர் வேண்டும். அதற்குத்தான் மேஜைக்கு இருவராகப் போட்டிருக்கிறார்கள். இப்போது இரண்டு முனையும் நான்தான். ஒரு முனையை மேஜையில் வைத்து, மேலே ஆறிய இஸ்திரிப் பெட்டியை ஏற்றிவிட்டு, மறுமுனையை இழுத்து மடிக்கப் பழகிவிட்டேன்.

வந்தவள், "அட, முடிச்சிட்டியா?" என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 5

இன்றும்.

மார்ச் 7, வெள்ளி

எங்கேதான் போகிறாள்? கழிப்பறையில் இல்லை, பார்த்துவிட்டேன். யாரிடமாவது போன் பேசுகிறாளா? காலில் புதுச் செருப்பு வேறு. சூப்பர்வைசர் அவளைக் கண்டால் தலையாட்டுகிறார், என்னைக் கண்டால் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. இல்லையென்றால் வேறெங்கோ வேலை தேடுகிறாள்.

மதியம் தன் டப்பாவில் பாதியை என் பக்கம் தள்ளினாள். திடீரென்று என்ன பாசம்? ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளும் இதே சலவைக்கூடம்தான், மாலை ஷிப்ட். நான் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

"மேல சொல்லிடுக்கா. இல்லன்னா உன் தலையில மிளகா அரைச்சுக்கிட்டே இருப்பா."

அவளுடைய ஜோடி ஒழுங்கானவளாம். கொடுத்து வைத்தவள்.

ஆனால் நெட்டைக்கு இரண்டு பிள்ளைகள். வேலை போய்விட்டால்? ஒருத்தி வயிற்றில் அடித்த பாவம் எனக்கெதற்கு — சரி, என் தோள்பட்டை மட்டும் பாவமில்லையா?

மார்ச் 11, செவ்வாய்

இன்று பின்னாலேயே போனேன். பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். போன் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. சும்மா. என்னைக் கண்டு திடுக்கிடவும் இல்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு. நாம இப்படி அடிச்சுப் புடிச்சு முடிச்சா, ஒரு ஆளே போதும்னு சொல்லிடுவாங்க. கொஞ்சம் மெதுவாத்தான் செய்யேன்."

சோம்பேறிக்குச் சாக்கா கிடைக்காது? நான் உட்காரவில்லை. திரும்பி வரும்போது இன்னொன்று தோன்றியது. சும்மா உட்காரவா ஒருத்தி அவ்வளவு தூரம் போவாள்? யாரோ வர வேண்டியவர்கள், என் தலையைப் பார்த்ததும் நழுவியிருப்பார்களோ?

மார்ச் 12

சொல்வதா, வேண்டாமா. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் கூட்டு என்றுதானே ஆகும்?

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. அதுதான் உறுத்துகிறது.

"அப்போ இவ்வளவு நாளும் நீங்களே தனியாவா முடிச்சீங்க?"

"ஆமா சார்."

"பெரிய விரிப்பையுமா? எப்படிம்மா?"

செய்து காட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். இன்னொரு தடவை செய்யச் சொல்லி, போனில் படம் பிடித்துக்கொண்டார். எதற்கு? மேலிடத்தில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்வதற்குத்தான் இருக்கும். நெட்டையைப் பற்றி மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

இனி மேஜைக்கு ஒரு ஆள்தானாம். கதவில் ஒட்டிவிட்டார்கள்.

நெட்டைக்கு இன்று கடைசி நாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். ஏப்ரனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "தோளைப் பாத்துக்கோ" என்றாள். குத்தலா, அக்கறையா? வீடு வந்து சேரும்வரை அதையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு ஆள் என்றால் எல்லா ஷிப்டிலும் ஒரு ஆளாம். மாலை ஷிப்டில், கடைசியாகச் சேர்ந்தவர்களை நிறுத்திவிட்டார்கள். அதில் தங்கையும்.

தங்கை போன் செய்தாள். அழவில்லை.

"எங்க எல்லாரையும் நிக்க வச்சு வீடியோ போட்டுக் காட்டினாங்க. முகம் தெரியல. கை உன்னோடதுதானேக்கா?"

ஐயோ, நீதானேடி சொல்லச் சொன்னே என்று வாய்வரை வந்தது. அதற்குள் வைத்துவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது தான் மட்டுந்தான் கெட்டது.

மார்ச் 26, புதன்

தங்கை இன்னும் பேசவில்லை. நான்தான் தினமும் கூப்பிடுகிறேன்.

வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி நேற்று இப்படித்தான் முடித்துவிட்டு நின்றாள். "நேரம் இருக்கு போலயே" என்று சூப்பர்வைசர் இன்னொரு வண்டியை அவளிடம் தள்ளிவிட்டுப் போனார். இன்று கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் வருவது தெரிந்தது. மடித்து அடுக்கியதிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து உதறி, மறுபடி மடிக்கத் தொடங்கினேன்.